அண்ணி அடித்த விசில்

அவளுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. கத்த மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள். கையில் இருக்கிற வேலையை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள், அவ்வளவுதான். பஸ் டிப்போவில் அவளோடு வண்டி கழுவியவர்கள், என்றைக்காவது ஒரு பஸ் புதுப்பெண் மாதிரி மினுங்கினால், இன்று யார்மேல் கோபம் என்று கேலி பேசுவார்கள். அவள் பதில் சொன்னதில்லை. சொல்வதென்றால் பதில் எல்லா நாளும் ஒன்றுதான். நாத்தனார்மேல்.

பஸ் கழுவ வருவதற்கு முன்னால் அவள் குதிரை கழுவியவள். வாக்கப்பட்டுப் போன வீட்டுக்குப் பின்னால் பெரிய லாயம் இருந்தது. மாமனார் விட்டுப்போன அந்த லாயத்தை நாத்தனார்தான் நடத்தினாள். புருஷன் அவளுக்கு அண்ணன் என்றாலும் குதிரை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள். அவர் லாரி ஓட்டினார். புதுப்பெண்ணாக வந்தவளிடம் நாத்தனார் ஒரு நாள், வேலைக்கு ஆள் வரவில்லை, கொஞ்சம் தேய்த்துவிடுங்கள் அண்ணி என்று பிரஷ்ஷைக் கொடுத்தாள். கொடுத்த பிரஷ்ஷைத் திரும்ப வாங்கவே இல்லை.

இவளுக்கும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. அதை மறைக்க வேண்டியதில்லை. குறிப்பாக, தாய் சேர்த்துக்கொள்ளாமல் உதைத்துத் தள்ளிய ஒரு செம்பழுப்புக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பிறகு, லாயம்தான் அவளுக்கு வீடு, வீடு வெறும் படுக்கிற இடம் என்றாகிவிட்டது. கண்காட்சி மைதானத்தில் அந்தக் குதிரைக்குப் பெயர் மகாராணி. லாயத்தில் இவள் கூப்பிட்டது கழுதை. "அடியே கழுதை, காலைத் தூக்குடி" என்றால் மகாராணி காலைத் தூக்குவாள்.

கண்காட்சியில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடுவருக்கு முன்னால் நடப்பது நாத்தனார். தொப்பி, கோட்டு, வெண்ணெய் நிறத்தில் கால்சட்டை. அந்த நடைக்குப் பின்னால் இருந்த வேலை வேறு. ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்து உள்ளே ஒட்டிய பொடுகை மேலே கொண்டுவர வேண்டும். பிறகு கெட்டிப் பிரஷ், அப்புறம் மெது பிரஷ், கடைசியில் பழைய துணி. பிடரி மயிரை நனைத்து, பிரித்து, சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி, ஒவ்வொன்றையும் உருட்டி, குதிரையின் நிறத்துக்கே நூல் எடுத்து ஊசியால் தைக்க வேண்டும். ஒரு பின்னல் கோணினாலும் கழுத்தே கோணலாகத் தெரியும். வெள்ளைக் கால்களுக்குச் சுண்ணப் பொடி, குளம்புக்கு எண்ணெய், கண்ணைச் சுற்றி விரல் நுனியால் ஒரு பூச்சு வாசலின். எல்லாம் முடித்து ஈரச் சீப்பால் பின்புறத்தில் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டால், வெயிலில் அது சதுரங்கப் பலகை மாதிரி மின்னும். அந்தக் கட்டங்களைப் பார்க்கவே சிலர் வேலியோரம் வருவார்கள்.

ஒரு வருஷம், குதிரையை மிக நேர்த்தியாகத் தயார் செய்தவருக்கு என்று தனியாக ஒரு கோப்பை வைத்தார்கள். மகாராணிக்கு விழுந்தது. தயார் செய்தவர் முன்னால் வரவும் என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. வாளியைக் கீழே வைத்து, கையைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டு இவள் இரண்டடி எடுத்து வைத்துவிட்டாள். அதற்குள் நாத்தனார் போய்க் கோப்பையை வாங்கிவிட்டாள். கொடுத்த அம்மாள் நல்ல மாதிரி. நடுவழியில் நின்றவளைக் காட்டி, அவர் யார் என்று விசாரித்தாள்.

"அதுவா? எங்க லாயத்து வேலைக்காரி" என்றாள் நாத்தனார்.

புருஷன் பக்கத்திலேயே நின்றார். காதில் விழாத தூரம் இல்லை. அவர் தன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். நிமிரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்டாள். நாத்தனார் சிரித்தாள். "அந்த அவசரத்துல உறவுமுறையெல்லாம் விளக்கிட்டிருக்க முடியுமா அண்ணி? ஒரு வார்த்தைதானே, விடுங்க."

ஒரு வார்த்தைதான். தீக்குச்சியும் ஒன்றுதான்.

அடுத்த மழைக்காலத்தில் புருஷன் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போய் முடித்த பிறகு நாத்தனார் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். புதிதாகச் சேணங்கள் வந்திருக்கின்றன, வைக்க இடமில்லை, அண்ணி படுக்கிற அறை காற்றோட்டமாக இருக்கிறது என்றாள். லாயத்துக்கும் ஆள் பேசியாகிவிட்டதாம். இவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுகிற அன்றும் மகாராணிக்குத் தேய்த்துவிட்டுத்தான் வந்தாள்.

டவுனில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை கிடைத்தது. டிப்போவில் பஸ் கழுவும் வேலை கிடைத்தது. பஸ் உதைக்காது, கடிக்காது, சொன்ன இடத்தில் நிற்கும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் சக்கரத்துக்கு அடியில் குனியும்போதெல்லாம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த மனுஷன் ஞாபகத்துக்கு வந்தார். செத்துப்போனவரோடு சண்டை போட முடியுமா? அவருக்குச் சேர வேண்டிய பங்கையும் சேர்த்து நாத்தனார் தலையில்தான் ஏற்றினாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவளுக்கு ஆத்திரம் வந்த பிறகுதான் புத்தியே வேலை செய்தது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வழியாக யோசிப்பாள். கண்காட்சிக்கு முந்தின நாள் போய் வாலைக் கத்தரித்துவிட்டால்? கழுதை என்ன பாவம் செய்தது, ஈ விரட்ட அதற்கு வேறென்ன இருக்கிறது. மேலே எதையாவது பூசிவிட்டால்? தோல் அரிக்கும். நாத்தனாரை அடிக்க எங்கே கை ஓங்கினாலும் நடுவில் குதிரை நின்றது.

டிப்போ காவலாளி ஒரு பெரியவர். ஒரு நாள் அவர் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியபடி விசில் அடித்தார். சாவகாசமாக, இழுத்து இழுத்து. குழாயும் கையுமாக நின்றவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. சிரிப்பு நின்ற பிறகும் குழாயை மூட மறந்து நின்றாள்.

லாயத்து வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. மைதானத்துக்குப் போகிற குதிரை முன்னாடியே மூத்திரம் பெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போய் நெளியும். நேரத்துக்குப் பெய்ய வைக்க, குட்டியிலிருந்தே விசில் பழக்குவார்கள். புது வைக்கோல் பரப்பி, பக்கத்தில் நின்று மெதுவாக விசில் அடித்தால், குதிரை பின்னங்காலை அகட்டிப் பெய்யும். நாளாக ஆக வைக்கோல்கூட வேண்டாம், விசில் போதும். மகாராணிக்கு அதைப் பழக்கியது இவள். மேலே ஒரு சுரம், அதிலிருந்து வழுக்கிக் கீழே ஒரு சுரம். நாத்தனாருக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் அவள் கண்ணாடி முன்னால் தொப்பியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் கண்காட்சிக்கு இவள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு பன்னை வாங்கிக் கடித்தபடி, கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். மகாராணி வந்தாள். பின்னல்கள் பரவாயில்லை. கட்டங்கள் படுமோசம், கோழி கிளறின மாதிரி இருந்தன. ஆனாலும் வரிசையில் முதலாவதாகத்தான் நிறுத்தினார்கள். பளபளக்கும் ஷூவோடு நெட்டையான நடுவர் ஒருவர் குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்த்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நாத்தனார் முகத்தில் கோப்பை வாங்கப்போகிற களை.

பன்னுக்குப் பின்னால் உதட்டைக் குவித்து இவள் விசில் அடித்தாள்.

மகாராணியின் காது திரும்பியது. காலை அகட்டினாள், வாலைத் தூக்கினாள். மழை பிடித்துக்கொண்டது. நடுவர் துள்ளி விலகினார், ஷூ தப்பவில்லை. நாத்தனார் கடிவாளத்தை இழுத்தாள். பெய்கிற குதிரையை யார் நகர்த்த முடியும்? இழுத்த இழுப்பில் அவளே பின்பக்கம் வந்து நிற்க, வெண்ணெய்க் கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. சிரிக்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். மகாராணி வரிசையின் கடைசிக்குப் போனாள். இவள் மீதிப் பன்னை ருசித்துத் தின்றாள்.

அடுத்த கண்காட்சியில் குதிரையைப் பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. விலா ஒட்டியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. மைதானத்தில் பெய்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து தண்ணீர் காட்டவில்லை. இவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே விசில் அடித்தாள். மகாராணி சொன்ன பேச்சைக் கேட்டு நின்று, காலை அகட்டி, இல்லாததைப் பெய்யப் பார்த்தாள். நான்கு சொட்டு விழுந்தது. வில்லாக வளைந்து நின்றவளை நடுவர் ஓடவிடச் சொன்னார், அவள் ஓடவில்லை. தலையைத் திருப்பி விசில் வந்த திசையைப் பார்த்தாள். குதிரை பார்த்த திசையில் நாத்தனாரும் பார்த்தாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது இவளுக்குச் சந்தோஷம் இல்லை. தாகத்தோடு நின்ற குதிரையை மறுபடியும் சிரமப்படுத்தியது தன் வாய்தான் என்பது முள்ளாகக் குத்தியது. தண்ணீர் காட்டாத பாவம் நாத்தனாருடையது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாதிதான் சமாதானம் ஆயிற்று. இனி விசில் இல்லை என்று அப்போதே முடிவெடுத்தாள். பழியை விட்டுவிட்டாள் என்று அர்த்தமில்லை. போய் நின்றால் போதும், என் மூஞ்சியைப் பார்த்தே அவள் பதறட்டும் என்று நினைத்தாள்.

மூன்றாவது கண்காட்சி பெரியது. இந்த முறை ஒளியவில்லை, கயிற்றை ஒட்டி முன்வரிசையிலேயே நின்றாள். நுழையும்போதே நாத்தனார் பார்த்துவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மகாராணியோ தலையை உதறிக்கொண்டே வந்தாள். நாலு எட்டு வைப்பாள், உதறுவாள். காதில் பூச்சி ஏதாவது போய்விட்டதோ என்று இவள் பதறினாள். நடுவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். காதை மடக்கிப் பார்த்தார். விரலை விட்டு எதையோ இழுத்தார். பஞ்சு. குதிரையின் நிறத்துக்கே ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்த பஞ்சு. மறு காதிலும் அதே.

காதை அடைப்பது விதிக்கு விரோதம். ஈ தொந்தரவு என்று நாத்தனார் ஏதோ சொன்னாள். நடுவர் பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலைக் காட்டினார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த மைதானத்தில் அத்தனை பேர் பார்க்க, வரிசையிலிருந்து பிரிந்து தனியாக நடந்து வெளியே வருவதென்பது நீளமான நடை. இவள் அதை ஒரு அடி விடாமல் பார்த்தாள். பார்ப்பதற்காகவே வந்தவள்.

வாசலில் நாத்தனார் நின்றுவிட்டாள்.

"நீங்க இன்னைக்கு விசிலே அடிக்கலையே."

"அடிக்கல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

வாசலில் சீட்டுச் சரிபார்க்கிற ஆள், ஏதோ தகராறு என்று நினைத்து நடுவில் வந்தான். இந்த அம்மா யார், தொந்தரவு செய்கிறாரா என்று நாத்தனாரிடம் கேட்டான். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் ஆள் இருந்தார்கள்.

"இல்ல, இல்ல. எங்க அண்ணி. என் கூடப்பொறந்த அண்ணனோட சம்சாரம்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

எத்தனையோ நாள் டிப்போவில் நின்று இந்த நிமிஷத்தை இவள் கற்பனை செய்திருக்கிறாள். கற்பனையில் ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தையைக் கேட்டதும் மனசு குளிர்ந்தது. இப்போது கேட்டபோது, மாட்டிக்கொண்டவள் தப்பிக்க நீட்டுகிற கை என்றுதான் பட்டது.

"இல்லைங்க" என்றாள் அந்த ஆளிடம், மரியாதையாக. "நான் இவங்க லாயத்துல வேலைக்காரியா இருந்தேன். உறவெல்லாம் கிடையாது."

மகாராணி மூக்கை நீட்டினாள். இவள் அதன் நெற்றியை ஒரு தடவை தேய்த்துவிட்டு நகர்ந்தாள். பின்னால் நாத்தனார் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

அந்தப் பருவம் முடிகிற வரை நாத்தனாரை எந்த மைதானத்திலும் சேர்க்கவில்லை. வாசலில் நடந்த பேச்சு பரவி, கண்டவர்கள் எல்லாம் விசில் அடித்துக் கேலி செய்ததில் அவளும் லாயத்தைக் குறைத்துக்கொண்டாள். மகாராணியைக் குட்டி போடுவதற்காக ஒரு பண்ணைக்கு விற்றுவிட்டாள். தீவன லாரி ஓட்டுகிறவர்கள் மூலம் இவளுக்குச் செய்தி வந்தது. இப்படி ஆகும் என்று இவள் யோசித்திருக்கவில்லை. இரண்டு நாள் வேலையில் கை ஓடவில்லை.

ஒரு விடுமுறை நாளில் பண்ணையைத் தேடிப் போனாள். மகாராணி ஒரு சரிவில் மேய்ந்துகொண்டிருந்தாள். சினை வயிறு. முதுகெல்லாம் காய்ந்த சேறு, வால் முழுக்க ஒட்டுமுள். பின்னல் போட்ட பிடரி மயிர் இஷ்டத்துக்கு வளர்ந்து கண்ணை மறைத்தது. வந்தாள், இவள் சட்டைப் பையை முகர்ந்தாள், கொஞ்சம் நின்றாள், மறுபடி மேயப் போய்விட்டாள். தேய்க்கவா வேண்டாமா என்று கை தவித்தது. பண்ணைக்காரர் தொந்தி பெருத்த, சிரித்த முக மனுஷன். சேற்றில் புரளாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது, விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டாள். குதிரைக்குத் தான் செய்தது நல்லதா கெட்டதா என்று வேலிக்கட்டையில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தாள். பிடிபடவில்லை. நாத்தனாருக்குச் செய்ததில் அப்படிச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை.

புறப்படும்போது பண்ணைக்காரர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். முன்னால் வைத்திருந்த அம்மாள் அடிக்கடி போன் செய்து குதிரை எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறதா, யாராவது அதோடு பேசுகிறார்களா என்று கேட்கிறாளாம். ஆனால் நேரில் வரத் தைரியம் இல்லையாம்.

கேட்டைத் திறந்தவள் பாதியில் திரும்பினாள்.

"அடுத்த தடவை போன் பண்ணினா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க. மாசா மாசம் வருவேன்னும் சொல்லுங்க."

யார் வந்ததாகச் சொல்வது என்று அவர் கேட்டார். அவளுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு, கேட்டைக் கொக்கி போட்டுச் சாத்தி, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.