தொண்டை கட்டிய வாரம்

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. அம்மா பாயான் பாருவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டுக்கு வந்து உப்பு கேட்டால்கூட மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தொண்டைதான் எனக்கும் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அதை ஒரு தகுதியாகவே நினைத்திருந்தேன்.

கற்பித்தல் பயிற்சிக்கு ஜெலுத்தோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பு கிடைத்தது. நான் பேசினேன், பிள்ளைகளும் பேசினார்கள். நான் சத்தமாகப் பேசினேன். அவர்கள் இன்னும் சத்தமாகப் பேசினார்கள். அதற்கு மேல் நான் கத்தினேன். எங்கள் வகுப்புக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். ஒருநாள் “பூ, இதுக்குப் பன்மை என்ன?” என்று கேட்டேன். என் வகுப்பிலிருந்து ஒரு பதிலும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து “பூக்கள் டீச்சர்!” என்று ஒரு வகுப்பே கூவியது.

இடைவேளையில் மூன்றாம் ஆண்டு ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். பள்ளியில் எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்ததும் அவரைத்தான். “எம்பிள்ளைங்களுக்கும் சேத்து நீயே பாடம் நடத்திடு லா. நான் கெண்டீன்ல உக்காந்து தே ஓ குடிக்கிறேன்” என்றார்.

பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் என் பாடத்தைப் பார்வையிட வரவேண்டிய வாரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் எழுந்து “அம்மா” என்றேன், காற்றுதான் வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், மிளகுப் பால் குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வருகையைத் தள்ளிப்போட முடியுமா என்று விரிவுரையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். “குரல்தானே போச்சு, நீங்க இருக்கீங்கல்ல? சொன்ன நாள்ல வர்றேன்” என்று பதில் வந்தது.

வகுப்புக்குப் போய் வெண்பலகையில் ‘டீச்சருக்குக் குரல் இல்லை’ என்று எழுதினேன். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்கள். பிறகு, நான் அந்த வகுப்பில் அதுவரை கேட்டிராத அமைதி. மின்விசிறி கிறீச்சிடுவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முன்வரிசையில், ஓயாமல் பேசுவதற்காகவே நான் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்த ஒருத்தி எழுந்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து, புதியவை இன்னும் முளைக்காதவள். “டீச்சர், நீங்க எங்காதுல சொல்லுங்க. நான் எல்லாருக்கும் சொல்றேன்.”

வேறு வழியில்லை. குனிந்து, எல்லாரையும் புத்தகத்தைத் திறக்கச் சொல் என்றேன்.

“டீச்சர் புக்கத் தொறக்கச் சொல்றாங்க!” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். “அப்புறம், ஜன்னல் பக்கத்துல இருக்கிறவங்க எச்சி தொட்டுப் பக்கத்தைத் திருப்பக் கூடாதாம். எம்பென்சிலை எடுத்தவங்க திருப்பித் தரணுமாம்.”

பின்னால் சொன்ன இரண்டும் என் வாயிலிருந்து வரவில்லை. மறுக்கவும் எனக்குக் குரல் இல்லை. பென்சில் மட்டும் உடனே திரும்பி வந்தது.

விரிவுரையாளர் வந்த அன்றும் அதே நிலைமைதான். பின்னால் ஒரு குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தார். ஒருமை, பன்மை பாடம். என் பல் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

“பல்லு!” என்றது வகுப்பு.

வாயை அகலத் திறந்து எல்லாப் பற்களையும் காட்டினேன்.

“பல்லுங்க!”

இல்லையென்று தலையை ஆட்டி, பலகையில் ‘பற்கள்’ என்று எழுதினேன். என் குரலானவள் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். “எல்லாரும் பற்கள் சொல்லணுமாம். பின்னாடி உக்காந்திருக்கிற சாரும் சொல்லணுமாம்.”

விரிவுரையாளர் எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, “பற்கள்” என்றார். வகுப்பு அவருக்குக் கைதட்டியது.

அந்தக் கைதட்டல் அடங்கும்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. “டீச்சர், தண்ணிக்குப் பன்மை என்னா?”

பேசவே பேசாதவள் என்று நான் முடிவுகட்டியிருந்த பிள்ளை. அவள் பேச்சே அவ்வளவு மெல்லியதுதான் போலிருக்கிறது. இத்தனை வாரமும் அவள் ஏதேதோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். நான் போட்ட சத்தத்தில் எனக்கு எட்டவில்லை.

கேள்வி என் பாடத்திட்டத்தில் இல்லை. குரல் இருந்திருந்தால், “நல்ல கேள்வி, அப்புறம் பார்க்கலாம்” என்று தாண்டிப் போயிருப்பேன். கையை விரித்து, நீங்களே சொல்லுங்கள் என்று சைகை காட்டினேன்.

“தண்ணிகள்!” என்றான் ஒருவன்.

“ரெண்டு போத்தல் தண்ணி!” என்றான் இன்னொருவன்.

கடைசி வரிசைக்காரி யோசித்தாள். “அப்ப போத்தல்தான் ரெண்டு. தண்ணி தண்ணியாத்தான் இருக்கு.”

வகுப்பே அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டது. மணல்? சோறு? மைலோ? நான் ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதிக்கொண்டு நின்றேன். மணி அடித்தபோது, இரவெல்லாம் வெட்டி ஒட்டிய அட்டைகள் உறையைவிட்டு வெளியே வராமலே கிடந்தன.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். “திட்டத்துல பாதிதான் நடந்துச்சு.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். “ஆனா உங்க பிள்ளைங்க பாடத்தைத் தாண்டிப் போய்ட்டாங்க. தொண்டை சரியானப்புறமும் இப்படி நடத்துவீங்களா? அதைப் பாக்கத்தான் அடுத்த தடவை வருவேன்.”

அடுத்த வாரம் குரல் திரும்பியது. முதல் நாளே பழக்கத்தில் ஒரு கத்து கத்தினேன். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசைக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “நீங்க பேசுனா எனக்கு வேலையே இல்லையே டீச்சர்.” நியாயம்தான். அன்றிலிருந்து கேள்விகளைப் பலகையில் எழுதினேன். படித்துக் கேட்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் கடைசி வரிசை வரை நடந்து போய் நின்றேன். மெல்ல மெல்ல, வாயை மூடிக்கொண்டு நிற்பது அவ்வளவு சிரமமில்லை என்றானது. விரிவுரையாளரின் இரண்டாவது வருகை ஒரு கலவரமும் இல்லாமல் முடிந்தது. அவருக்கே அது கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியின் கடைசி நாளுக்குப் புது பாஜு கூரோங் எடுத்து உடுத்திப் போனேன். காலை சபைகூடலில் மேடையேறி நன்றி சொன்னேன், ஆசிரியர்களோடு படம் எடுத்துக்கொண்டேன், கெண்டீனில் எல்லா மேசைக்கும் போய் விடைபெற்றேன். புறப்படும் நேரத்தில் கடைசி வரிசைக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். என்னவோ உருக்கமாகச் சொல்லப்போகிறாள் என்று கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

“டீச்சர், முதுகுல விலைச்சீட்டு தொங்குது. சபைகூடல்லயே சொன்னேன்.”

என் கண்ணைத் துடைப்பதா, முதுகைத் தடவுவதா என்று நான் தடுமாறுவதற்குள் அவளே கத்தரிக்கோல் எடுத்துவந்து, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள்.