மூன்று வைத்தியமும் என் கால அட்டவணையும்

இந்த ஊரில் எங்கள் அடுப்பில் சோறு இறங்கியதும் கல் ஏறும். உள்ளங்கை அகலத்தில் வழுவழுப்பான ஆற்றுக்கல். அது சூடேறியதும், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வரும் மருத்துவச்சி மாக் தீமா அதை நுணா இலையில் பொதிந்து, துணியில் சுற்றி, என் மனைவி மீனாட்சியின் வயிற்றில் ஒற்றி எடுப்பாள். பிரஜோற்பத்தி வருஷம் ஐப்பசியில், அதாவது 1931 மழைக்காலத்தில், மலாய் நாட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் முதல் பெண் பிறந்தாள். மீனாட்சி காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, கார்த்திகையில் வீடு திரும்பினாள். காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் எழுந்து உட்காரத் தெம்பில்லை. தை பிறப்பதற்குள் தேறாவிட்டால் நாகப்பட்டினத்தில் இருக்கும் அவள் தாயாரிடம் கப்பலேற்றி விடுவதென்று முடிவு செய்தேன். அவளுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

மாயவரத்தில் என் அக்காள் பிள்ளை பெற்றபோது டாக்டர் கொடுத்த சீசா பரணிலேயே கிடந்தது. "இங்கிலீஷ் மருந்து உள்ள போனா நான் வெளியில போயிடுவேன்" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஒரு வைத்தியர் முகத்தில் இன்னொருவர் விழிக்கக்கூடாது என்று அன்று மனதில் பதிந்தது. ரயில்வேயில் கால அட்டவணை எழுதுவதுதான் எனக்கு உத்தியோகம். வீட்டுக்கும் ஒன்று போட்டேன். காலையில் மாமியார் அனுப்பிய பிரசவ லேகியம், நடுப்பகலில் மாக் தீமாவின் கல், மாலையில் சர்க்கார் மிஸியும் அவள் டானிக்கும். இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் மூன்று வண்டியை மோதாமல் விட்ட பெருமை எனக்கு.

மிஸி வருமுன் கிளம்பிவிட வேண்டும் என்று என் அரைகுறை மலாயில் மாக் தீமாவிடம் கேட்டுக்கொண்டேன். மிஸி தன்னைக் கண்டு கூச்சப்படுகிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாவம் என்று மிஸிக்காக வாழையிலையில் பலகாரம் கட்டி வைத்துவிட்டுப் போவாள். தடயம் இருக்கக்கூடாதே என்று அதை நானே தின்று தீர்த்தேன்.

ஒரு சனிக்கிழமை அரைநாளில் ஆபீஸ் முடிந்து வந்தால் வாசலில் மிஸியின் பூட்ஸ். உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து லேகியத்தை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாக் தீமாவின் மடியில் குழந்தை. மீனாட்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கிறாள்.

மிஸி யாழ்ப்பாணத்துக்காரி. "அந்த இலை மணம் முதல் நாளே வாசல் படலை வரைக்கும் வந்திட்டுது, தம்பி. நீங்கள் ரயிலுக்கு நேரம் போடுங்கோ. மனிசிக்கு நான் போடுறன்."

சில நாளாக, நான் ஆபீஸில் இருக்கும் நடுப்பகலில் மிஸியும் வந்து அவர்கள் கூடுவது வழக்கமாகிவிட்டதாம். காய்ச்சல் கண்டால் கல் கூடாது, தையல் பக்கம் போகக்கூடாது, டானிக்கை நிறுத்தக்கூடாது என்று மிஸி சொன்னதற்கெல்லாம் மாக் தீமா தலையாட்டியிருக்கிறாள். மலாய்ப் பேச்சிலும் என்னைத் 'தம்பி' என்றே கூப்பிடும் அவள், மிஸிக்கு ஒரு கூச்சமும் இல்லை, கூச்சமெல்லாம் தம்பிக்குத்தான் என்றாள். பலகாரம் எங்கே போனது என்று மீனாட்சி கேட்டாள். மூவரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

மார்கழியில் அம்மன் கோவிலுக்கு மீனாட்சி நடந்தே வந்தாள். டானிக்கால்தான் என்றாள் மிஸி. கல்லால்தான் என்றாள் மாக் தீமா. லேகியம் என்று மாமியார் எழுதியிருந்தார். எனக்கு எல்லாம் ஒன்றுதான்; கப்பல் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அன்று காலை மாக் தீமா, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டும் நீளமான மலாய்த் துணி ஒன்றை மீனாட்சிக்கு மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிச் சுற்றிவிட்டிருந்தாள். அதன்மேல் எங்கள் கல்யாணத்துக் கூறைப் புடவை. சன்னிதியில் நான் குழந்தையைக் கிடத்தியதும், விழுந்து கும்பிடப் போன மீனாட்சியைத் துணி வளையவே விடவில்லை. பாதியில் நின்றாள், பிறகு நிமிர்ந்தாள்.

"இந்த ஊர்ல நின்னுக்கிட்டுத்தான் கும்பிடணும் போல" என்று என் பக்கம் முணுமுணுத்துவிட்டு, கைகளைத் தலைக்குமேல் குவித்து, அம்மனை நேருக்கு நேர் பார்த்து நின்றாள்.