அக்கரையின் முழுப்பெயர்

எங்கள் தங்கச்சிமடத்து வீட்டில் யாரும் இலங்கை என்று சொன்னதில்லை. அது செய்தி வாசிக்கிறவர்களின் சொல். எங்களுக்கு அது அக்கரை. அக்கரை வானொலி, அக்கரைச் சோப்பு, அக்கரையில் கட்டிக்கொடுத்த அக்கா.

மண்டபம் அகதி முகாமில் இருந்த அக்கரைப் பேசாலைக்காரரைத்தான் அக்கா கட்டிக்கொண்டாள். சண்டை ஓய்ந்ததும் அவரோடு விமானமேறிப் போய், அந்த நாட்டுக் குடிமகளாகவும் ஆகிவிட்டாள். இங்கே எடுத்த பாஸ்போர்ட் அதோடு செல்லாமல் போனது. அம்மா அதற்குப் பெரிதாக அழவில்லை. வருசத்துக்கு ஒருதடவை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரண்டு கரைச் சனமும் கூடுமே. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். பேரைப் பதிந்து, அடையாள அட்டையைக் காட்டிப் படகேறினால் போதும். அம்மா முறுக்கு சுட்டுக் கொண்டுபோவாள், அக்கா தேயிலை கொண்டுவருவாள். மறுநாள் பூசை முடிந்ததும் ஆளுக்கொரு படகில் ஏறிவிடுவார்கள்.

அந்த வசதிதான் எங்களைக் கெடுத்தது. பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். திருவிழாவில்தான் பார்க்கிறோமே, வெட்டி அலைச்சல் எதற்கு என்று இரண்டு பேரும் என் வாயை அடைத்தார்கள். நானும் விட்டுவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் என் மேல்தான்.

ஒரு வருசம், மீனவர்களைச் சிறைபிடித்ததற்கு எதிர்ப்பாக, எங்கள் கரையிலிருந்து படகே போகவில்லை. சுட்ட முறுக்கு டப்பாவிலேயே நமத்துப்போனது. அடுத்த மாதம் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள் என்று ராமநாதபுரத்து டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் அக்கா பாஸ்போர்ட்டுக்கு ஓட ஆரம்பித்தாள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதன் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாள். இனி விசா மட்டும்தான் பாக்கி. சந்தோசத்தில் நான் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அட்டையில் தமிழிலும் போட்டிருந்தது. எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் அது கிடையாது. 'இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு.' அம்மாவுக்கு விளங்கவில்லை. சனநாயகம் என்றால் சனங்களே ஆளுவது, சோசலிசம் என்றால் எல்லாருக்கும் பொதுவில் பங்கு, குடியரசு என்றால் ராசா இல்லாத நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஏத்தா, இம்புட்டுத் தூரத்துலயா அவளக் கட்டிக் குடுத்தேன்?"

இங்கனதான், அக்கரைதான் அம்மா என்றேன். அவள் நம்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா எப்போது வருவாள் என்று அவள் கேட்கவே இல்லை. நான்காம் நாள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்குத்தான் அக்கா வந்து சேர்ந்தாள். பேசாலையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து சென்னை, பிறகு ரயில். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கடைசிவரைக்கும் என்னைக் கேட்டாளா என்றாள்.

"கேட்டுக்கிட்டேதான் இருந்தா" என்றேன்.