செத்தவன் எழுந்து வந்த படம்

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டேதான் சோலைமலை தீர்ப்புச் சொல்வார். திங்கட்கிழமை விடியலில், தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துப் பனிக்குள், பேர் கூப்பிடக் மேற்பார்வைக்காரரான கண்டாக்கய்யா வருவதற்குள் முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட வேண்டும். ஞாயிறு தவறாமல் மலையடிவார அட்டன் டவுனுக்கு இறங்கி, எந்தப் பாஷைப் படம் ஓடினாலும் பார்த்துவிட்டு வருகிறவர் அவர்.

"இந்திப் படங்க. கொட்டுற பனியில பொம்பளப்புள்ள பாடுது, மேல ஒரு கம்பளி கெடையாது. பெத்தவங்களுக்கு அக்கற இல்ல."

"வெள்ளக்காரப் படமா? குதிர நல்லா நடிச்சிருக்கு."

"சிங்களப் படத்துல அந்த மாமியாக்காரி இருக்காளே, அசல். நம்ம லயத்துல வந்து பழகிட்டுப் போயிருப்பா."

கேட்டுச் சிரிப்பார்கள். ஆனாலும் அவர் வேண்டாமென்ற படத்துக்கு லயத்து வீடுகளிலிருந்து ஒரு தலை இறங்காது. சோலைமலைக்குச் சொந்தமென்று இருப்பது அந்தச் சொல் ஒன்றுதான்.

போன மாதம் அதற்குச் சோதனை வந்தது. ஒரு தமிழ்ப் படம். நாயகனைப் பாடையில் தூக்கிப் போகிறார்கள். இடைவேளைக்குப் பிறகு அவனே சிரித்துக்கொண்டு வந்து தாலி கட்டுகிறான். எப்படி என்று விளங்கவில்லை, மனசு மட்டும் நிறைந்திருந்தது. மறுநாள் கத்தி கல்லிலேயே நின்றுவிட்டது.

"செத்தவன் எந்திரிச்சு வாறான்யா. எப்புடின்னு கேக்காதீங்க. போய்ப் பாருங்க."

அடுத்த ஞாயிறு லயமே இறங்கியது. மண்சரிவில் புருஷன் ஆண்டியப்பன் போன நாளிலிருந்து கடைத்தெருவைக்கூடப் பார்க்காத பேச்சியம்மாளும் போனாள். படம் பாடையோடு முடிந்தது.

"என்னாண்ணே, தியேட்டருக்குள்ள தூங்கிக் கெனாக் கண்டீங்களா?" என்றான் கூட வேலை செய்யும் மூக்கன், மறுநாள். களமே சிரித்தது. பேச்சியம்மாள் மட்டும் சிரிக்காமல் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அதுதான் குத்தியது.

மறு ஞாயிறு தியேட்டரில் படம் ஓட்டுகிறவரிடமே போய்க் கேட்டார் சோலைமலை.

"ஒரே படத்த ரெண்டு ஊருல மாத்தி மாத்தி ஓட்டுறோம். நீங்க வந்த அன்னைக்கு முதப் பாதிப் பெட்டி வந்து சேரல. சனம் விசிலடிச்சிச்சு, பின்பாதிய முன்னால ஓட்டிட்டேன். யாருமே கண்டுக்கலையே!"

மேட்டில் ஏறும்போது இரண்டு தரம் நின்றார். அப்படியானால் தான் பார்த்தது படமே இல்லையா? பெட்டி மாறி ஓடியதுதான் நல்ல படம் என்று இன்னமும் தோன்றுகிறதே, அது ஏன்? வீடு வந்தும் விளங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடி பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

"அண்ணே, அவன் எந்திரிச்சு வந்தத நீங்க கண்ணால பாத்தீங்கதானே?"

மூக்கன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். பெட்டிக் கதை சோலைமலையின் நாக்கு நுனிவரை வந்தது. கத்தியைக் கல்லிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, ஆமென்று மெல்லத் தலையை ஆட்டினார்.