கன்னத்தால் அழுத்தும் சுவிச்

அந்தச் சாமானைப் பார்த்தால் யாரும் குண்டென்றுதான் நினைப்பார்கள். ஒரு கறுப்புப் பெட்டி, அதன் நடுவே சிவப்பு நிறத்தில் வீட்டு அழைப்புமணிச் சுவிச், பக்கத்தால் நீளும் வயர், வயரின் முனையில் குடல் உருவப்பட்ட ஒரு கணினி மவுஸ். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலத்தில், திருகோணமலைப் பட்டினத்திலிருந்து சாம்பல்தீவுக்கு அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நான். புத்தி கெட்டவள் என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

அது அண்ணாவின் விளையாட்டுச் சாமான். துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது லொறியிலிருந்து விழுந்ததில், அவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. வெளிநாடு போன மச்சான் விட்டுப்போன கணினியில் ஒரு கிரிக்கெட் விளையாட்டு இருந்தது. மவுஸை ஒருமுறை அழுத்தினால் பந்து வரும், மறுமுறை அழுத்தினால் மட்டை சுழலும். அந்த அழுத்தலுக்கும் ஒரு விரல் வேண்டுமே. பட்டினத்து ரேடியோக் கடைக்காரர்தான் மவுஸைத் திறந்து, அதோடு ஓர் அழைப்புமணிச் சுவிச்சை வயரால் இணைத்து, சவர்க்காரப் பெட்டியொன்றில் பொருத்தித் தந்தார். தலையணையில் வைத்தால் அண்ணா தலையைச் சரித்துக் கன்னத்தால் அழுத்துவார். முதல் நாளே ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு, "எப்பிடி?" என்று என்னைப் பார்த்தார். விழுந்த பிறகு அவர் யாருடைய உதவியும் இல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான். அன்றைக்கு எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பிறகு வயர் அறுந்தது. அண்ணா பேச்சைக் குறைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பார்த்துப் பொறுக்காமல் கடைக்குக் கொண்டுபோனேன். போகும்போது அது சவர்க்காரப் பெட்டி, சோதனைச் சாவடியில் யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு கிழமை கழித்து வாங்கப் போனால், கடைக்காரர் அதைக் கறுப்புப் பெட்டிக்கு மாற்றி, நாலு பக்கமும் ஆணி முறுக்கி, கறுப்பு டேப்பும் சுற்றி வைத்திருந்தார். "இனி உடையாது பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னார். அந்த மனிதருக்கு வேலையில் இருந்த கவனம் ஊர் நிலைமையில் இல்லை. வாங்கிக்கொண்டு வந்த எனக்கும் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த கடற்படைச் சாவடியில் எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டி நடக்க வேண்டும். என் பைக்குள் கைவிட்ட நேவிக்காரன் கையை வெளியே எடுத்த வேகத்தில் எனக்கு விளங்கிவிட்டது. சிங்களத்தில் ஏதோ கத்தினான். பின்னால் நின்றவர்கள் கலைந்தார்கள். நடு ரோட்டில் நானும் அந்தப் பெட்டியும்தான் மிச்சம். எல்லாத் துவக்குகளும் என்னையே பார்த்தன.

என்னைச் சுடுவார்கள் என்பதை விட, கொண்டுபோய்விடுவார்கள் என்றுதான் பயந்தேன். அண்ணாவோடு இருந்த பக்கத்து வீட்டு அக்கா பொழுதுபட முன்னர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். இருட்டிய பிறகு யாரும் வீட்டு வளவு தாண்டாத காலம் அது. நான் போகாவிட்டால் அண்ணாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

கொஞ்சம் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார். "என்ன இது?"

"அண்ணாட விளையாட்டுச் சாமான், ஐயா. கொம்பியூட்டர் கிரிக்கெட். அவருக்குக் கை ஏலாது. வீடு கிட்டத்தான், வந்து பாருங்கோ."

சொல்லச் சொல்ல எனக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது.

பெட்டியை நான் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, அவர்கள் நன்றாக எட்ட விட்டுப் பின்னால் வந்தார்கள். வீட்டில் அக்காவை வெளியே அனுப்பினார்கள். அண்ணாவை எட்டிப் பார்த்த அதிகாரி, "கொம்பியூட்டரில பூட்டு. அவன் அமத்தட்டும். நாங்க வெளிய" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்.

மவுஸைக் கணினியில் செருகினேன். அது உயிர் பெற்று வர எப்போதும் எடுக்கிற நேரத்தை அன்றும் எடுத்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒரு கிழமை இந்தப் பெட்டி என் கண்ணில் படாமல் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடைக்குள் யார் யார் வந்து போனார்கள்? ஏன் இத்தனை ஆணி? எங்களுக்கு நல்லது செய்த மனிதரை அப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை.

பெட்டியைத் தலையணையில் வைத்தேன். அண்ணா பெட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"நீயும் வெளியால போ."

"ஏலாது."

"சொன்னாக் கேள், தங்கச்சி."

"நீங்கள் அமத்துங்கோ அண்ணா."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தலை மெல்லச் சரிந்தது. சுவிச் 'டிக்' என்றது.

கணினியில் பந்து வீசுபவன் ஓடிவரும் சத்தம் கேட்டது. இன்னொரு 'டிக்'. விக்கெட் தெறித்தது. கூட்டம் கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலைக் கேட்டுக் கிணற்றடியிலிருந்து தலைகள் எழும்பின. அதிகாரி வாசலில் நின்று திரையை எட்டிப் பார்த்தார். "அவுட்" என்றார். பின்னால் நின்ற நேவிப் பொடியன்கள் சிரித்தார்கள். இனி அதை வெளியே கொண்டுதிரியக் கூடாது என்று என்னை எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

படலை சாத்துப்பட்டதும் கதிரையில் விழுந்தேன். ஏதாவது கதைக்க வேண்டும் போலிருந்தது.

"முதல் பந்திலயே அவுட்டாகிற ஆளோ நீங்கள்?"

"பந்தை ஆர் பாத்தது?" என்றார் அண்ணா. "நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டனீ. நான் உன்னையெல்லே பாத்துக்கொண்டு கிடந்தனான்."

எழும்பி அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.