வேலியோரத்துப் பிள்ளை

ராமாத்தாளுக்கு லாரிச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று அவள் கணவன் வேலுமணி கிண்டல் செய்வான். டெக்சஸின் தெற்கு ஓரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. பாலத்தில் ஏறக் காத்து நிற்கும் லாரிகளின் வால் எங்கே முடிகிறதென்று யாருக்கும் தெரியாது. வேலுமணிக்குச் சோறு போடுவதும் அந்த லாரிகள்தான். அவற்றின் சுங்க வேலையைக் கம்ப்யூட்டரில் பார்க்கும் ஒரு கம்பெனியில் இருந்தான்.

கோபிப் பக்கத்துக்காரியான ராமாத்தாளுக்கு அந்த டெக்சஸ் ஊரில் இருந்த ஒரே சிநேகிதி பக்கத்து வீட்டு எல்விரா. கணவன் ரஃபேல் இறந்தபின் தனியாக இருப்பவள். பாதி இங்கிலீஷ், பாதி ஸ்பானிஷ், மீதி கைஜாடை என்று இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் ராமாத்தாள் எந்தப் பாஷையிலும் அவளிடம் சொன்னதில்லை.

எல்விரா அந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முன்பு நடந்தது அது. ராமாத்தாளின் பிள்ளை முகிலன் பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய வாரத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். கோபிப் பக்கம் பால்குடி மாறாத பிள்ளையை எரிப்பதில்லை, மண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். மேலே கல் நடக் கூடாது, பேர் எழுதக் கூடாது. பேர் எழுதி அங்கேயே நிறுத்திவிட்டால் பிள்ளை மறுபடி அதே வயிற்றில் வந்து பிறக்காதாம். வேலுமணியின் அம்மா போனிலேயே அழுதுகொண்டு, "கல்லுகில்லு வச்சுப்போடாதீங்க சாமி" என்றார். ஆற்றங்கரையின் பழைய மயானத்தில், வேலியோரமாக ஓர் இடம் காட்டினார் அங்கே காவல் பார்த்த கிழவர். யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

ராமாத்தாள் வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போய், சின்னச் சொம்பில் கொண்டுபோன பாலை வேலியோரம் ஊற்றிவிட்டு வருவாள். வயிறு அதன்பின் திறக்கவேயில்லை. ஆனாலும் கல் வைக்கவில்லை. எப்படி வைப்பாள்? வருவான் என்றல்லவா காத்திருந்தாள்.

அப்போதுதான் சுரங்கப் பேச்சு வந்தது. ஆற்றுக்கு அடியில், லாரிகள் மட்டும் போக ஒரு டனல். வரைபடத்தில் அதன் வாய் சரியாக மயானத்தில் வந்து திறந்தது. கல்லறைகளை மரியாதையாக வேறு இடத்துக்கு மாற்றித் தருவோம் என்றார்கள். எல்விரா வெகுண்டு எழுந்தாள். "என் ரஃபேலை இன்னொரு தரம் புதைக்க மாட்டேன்" என்று வீடு வீடாக ஏறினாள். ஊரே அவள் பின்னால் நின்றது.

ராமாத்தாளும் நின்றாள், சட்டியும் கரண்டியுமாக. கூட்டம் நடக்கும் நாளெல்லாம் எலுமிச்சைச் சாதம் கிளறிக் கொண்டுபோவாள். அதன்மேல் அவர்கள் மிளகாய்ச் சட்னியை ஊற்றித் தின்பதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"சோறு எத்தன வேணா குடு புள்ள, நான் வேண்டாங்கல" என்றான் வேலுமணி. "பெட்டிஷன்ல மட்டும் சைன் பண்ணிப்போடாத. போட்டோல நிக்காத. எங்க கம்பெனி டனல் வரோணும்னு நிக்குது. கிரீன் கார்டு ஃபைல் அவங்க கைலதான் இருக்குது."

"நம்ம பையன் அங்க இருக்கறானுங்க."

"தெரியாதா எனக்கு? டனல் நின்னுபோச்சுன்னா அவனும் தப்பிச்சான். நாம வாயத் தொறக்காமயே நடந்தா நல்லதுதான?"

கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம் ஜனத்தின் பயம் தனி ரகம். வடக்கே பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் வேலுமணியின் நண்பன் சபரி, பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் கேட்டு எழுதிய மனுவில்கூடக் கையெழுத்துப் போடாதவன். அவனிடம் யோசனை கேட்டால் வேறென்ன சொல்வான்? வேலுமணியைத் திட்ட, கதை சொல்லும் எனக்கு மனம் வரவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூட ஜிம்மில் பெரிய கூட்டம் வைத்தார்கள். எல்விரா பேசி முடித்தபோது அதிகாரிகளே தலை குனிந்துகொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் வரைபடத்தைக் காட்டி, நல்லவிதமாகத்தான் கேட்டார். "வேலியோரம் கல்லே இல்லாமல் ஒரு பட்டை நிலம் இருக்கிறது. அங்கே யாருக்காவது சொந்தம் உண்டா? ஒருவர் இருந்தாலும் சொல்லுங்கள், அதைத் தொட மாட்டோம்."

ராமாத்தாள் சாதப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். முன்வரிசையில் வேலுமணியின் முதலாளி. கரண்டியைப் பிடித்திருந்த கை தானாக எழும்பியது. வேலுமணி அந்த மணிக்கட்டை மெல்லப் பற்றினான். இழுக்கவில்லை, பற்றினான், அவ்வளவுதான். "வேண்டாம் புள்ள." கை இறங்கிவிட்டது.

யாரும் இல்லை என்று அதிகாரி அடுத்த பேச்சுக்குப் போனார்.

சில மாதங்களில் முடிவு வந்தது. ஊர் ஜெயித்தது. ஒரு கல்லறைக் கல்லைக்கூட அசைக்கப்போவதில்லை. டனலின் வாயைக் கொஞ்சம் நகர்த்தி, வேலியோரத்துக் காலி நிலத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

அதைக் கேட்டு வந்த வேலுமணி சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தாரைதாரையாக அழுதான். "நாந்தான் புள்ள உன் கையப் புடிச்சேன். வா, இப்பவே போயிச் சொல்லலாம். கார்டு போனாப் போகுது. கோபிக்கே போயிப் பொழச்சுக்கலாம்."

எந்த வார்த்தைக்காக அவள் அத்தனை நாள் ஏங்கினாளோ அந்த வார்த்தை வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். கதவைத் திறந்தால் எல்விரா, கையில் மெழுகுவர்த்தியும் கேக்குமாக. அவளுக்குப் பின்னால் தெருவே பாட்டும் சிரிப்புமாக இருந்தது. வேலியோரத்தில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்று சொன்னால் டனலின் வாய் மறுபடி எங்கே நகரும்? ரஃபேலின் தலைமாட்டுக்குத்தான்.

எல்விரா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "இந்த மண்ணில் உனக்கென்று யாருமே இல்லை. இருந்தும் எங்களுக்காக நின்றாயே" என்று கன்னத்தில் முத்தமிட்டாள்.

ராமாத்தாள் வாயைத் திறந்தாள். எல்விராவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். பிறகு கேக்கை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை சொம்பில் பாலோடு போனாள். வேலியோரம் நெடுக டனலுக்கு அளவுக்குச்சிகள் நட்டு, ரோஜா நிறத் துணி கட்டியிருந்தார்கள். கல்லில்லாத அந்த இடத்துக்கு முதல்முறையாக ஓர் அடையாளம் வந்திருந்தது. மண்டியிட்டுப் பாலை ஊற்றினாள். மண் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வாய் இருந்துச்சு சாமி" என்றாள். "உனக்காகப் பேசத்தான் இல்லாமப் போச்சு."