டீச்சர் பார்க்காத கடைசி ஆறு எழுத்துகள்

எங்கள் அலுவலகத்தில் எது பாதியில் நின்றுபோனாலும் நாற்காலியைத் திருப்பி, "டீச்சர்!" என்று கத்துவோம். மூலையிலிருந்து "எது நிக்குது?" என்று பதில் வரும். அந்தக் குரல் கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

டைல்ஸ் கடைக்கு மேலே மூன்று அறைகள், முதலாளியைச் சேர்க்காமல் ஏழு பேர். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதி ஏற்றித் தருவது எங்கள் தொழில். என் மாமனார் ரொம்ப நாள் என்னைக் கட்டடக் கான்ட்ராக்டர் என்றே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மாடி எடுக்க என்ன ஆகும் என்று ஒருவர் என்னிடம் கேட்டே விட்டார். உண்மையில் அது ஒரு சின்ன நிரல். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு ஒன்றில் அதை ஏற்றுவோம். ஏற்றியபின் எழுதியவனே தலைகீழாக நின்றாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. அதனால் ஏற்றுவதற்கு முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எங்களில் அப்படிப் பார்த்தவர் டீச்சர் ஒருவர்தான்.

அவர் நிஜமாகவே டீச்சர். பெண்கள் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பள்ளியை மூடிவிட்டார்கள். மகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் மகளை முந்திக்கொண்டு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் தம்பி. நடுவுல நின்னுபோனதை நகர்த்தி விடறது" என்பார்.

அவர் சிக்கலை அவிழ்க்கிற விதமே தனி. ஒரு முறை நான் பதிவேட்டுக்கு அனுப்பிய நிரல் இரண்டு மணி நேரமாக அப்படியே நின்றது. நான் நிரலைக் குடைந்துகொண்டிருந்தேன். அவர் வந்து நின்று, "நிரல்ல ஒண்ணும் இல்ல. காலையில நீங்க அனுப்பினது ஒண்ணு கட்டணம் பத்தாம வரிசையில முன்னால மாட்டிக்கிட்டு நிக்குது. அது நகராம இது எப்படி நகரும்? அதே வரிசை எண்ல, கட்டணத்தைக் கூட்டி, மறுபடி அனுப்புங்க" என்றார். மூன்றே நிமிடத்தில் சரியானது. இன்னொருவர், தன் இணையப் பணப்பையான வாலட்டில் பணம் இருந்தும் ஏறமாட்டேன் என்கிறதே என்று குதித்தபோது, "அது ஒத்திகை நெட்வொர்க் பணம். அதை வச்சு நிஜக் கடையில டீ கூட வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரையும் மட்டம் தட்டமாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். அவரைவிட எனக்கு நான்கு வருடம் அனுபவம் கூட. பதவியும் ஒரு படி மேலே.

அலுவலகத்துக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். ஏற்றுவதற்கு முன், கான்ட்ராக்டின் உரிமையாளர் முகவரியை, அதாவது எழுத்தும் எண்ணுமாக நாற்பது இடம் நீளும் அடையாளத்தை, வாடிக்கையாளர் கொடுத்த தாளிலிருந்து ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்து. இன்னொருவர் திரையைப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். பிறகு அட்டவணையில் 'வாசித்தவர்', 'பார்த்தவர்' என்ற இரண்டு பெயர்களுக்கு நேராகவும் 'சரி' என்று பதிய வேண்டும். ஏற்றுவதற்கென்றே மூலையில் ஒரு கம்ப்யூட்டர். எல்லோருக்கும் ஒரே லாகின். யார் எதைப் பதிந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நர்சிங் பயிற்சி நிலையம் ஒன்று தன் சான்றிதழ்களைப் பதிந்து வைக்க எங்களிடம் கேட்டிருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் விவரமெல்லாம் ஏற்றும்போதே உள்ளே போய்விடும், பிறகு அந்த விவரங்களை உரிமையாளர் மட்டும்தான் திருத்த முடியும். எந்த ஆஸ்பத்திரியும் சான்றிதழில் இருக்கிற கியூஆர் கட்டத்தைப் போனுக்குக் காட்டி உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். அன்று காலை நானும் டீச்சரும் ஒத்திகை பார்த்தோம். ஒத்திகைக்கு என் பழைய முகவரி ஒன்றை உரிமையாளராகப் போட்டிருந்தேன். அதைத் திறக்கிற ரகசியச் சாவி பழைய லேப்டாப்போடு எப்போதோ அழிந்துபோயிருந்தது. ஒத்திகைதானே, எதுவாக இருந்தால் என்ன? டீச்சர் பார்த்து "சரி" பதிந்தார். நிஜமாக ஏற்றும்போது அதை எடுத்துவிட்டு நிலையத்தின் முகவரியைப் போட வேண்டும்.

பதினோரு மணிக்குக் கீழே கூரியர்காரர் வந்தார். டீச்சரின் கையெழுத்து வேண்டுமாம். "பத்து நிமிஷம் பொறுங்க தம்பி, வந்துடறேன். வந்து வாசிச்சுப் பார்த்துட்டு ஏத்திடலாம்" என்று இறங்கிப் போனார். அந்த நேரம் பார்த்து, ஏற்றுவதற்கு நாங்கள் கட்டும் நெட்வொர்க் கட்டணம் சரசரவென்று இறங்கியது. விட்டால் ஏறிவிடும். பத்து நிமிடம் பொறுக்க என்னால் முடியவில்லை. கட்டணம் ஒரு சாக்கு. நான் ஏற்றுவதற்கு டீச்சர் தலையாட்ட வேண்டுமா என்ற திமிர்தான் உள்ளே இருந்தது. யாரும் வாசிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. 'வாசித்தவர்' என்று என் பெயருக்கு நேராக 'சரி' போட்டேன். 'பார்த்தவர்' என்று அவர் பெயருக்கு நேராகவும் நானே 'சரி' போட்டேன். ஏற்றினேன். திரும்பி வந்தவரிடம் "ஏறிடுச்சு டீச்சர்" என்றேன். "அதுக்குள்ளயா?" என்றவரை, வேறொரு சிக்கலோடு யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

உரிமையாளர் முகவரியை நான் மாற்றவில்லை. அது தெரிந்தது ஒன்றரை மாதம் கழித்து. சான்றிதழ்கள் அச்சாகி எல்லோர் கைக்கும் போய்விட்டன. நிலையத்தார் ஒரு பெண்ணின் பிறந்த தேதியைத் திருத்த முயன்றார்கள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று கான்ட்ராக்ட் கதவைச் சாத்தியது. அவர்கள் பதிவேட்டுக்கு அவர்கள் உரிமையாளர் இல்லை. செத்துப்போன என் பழைய முகவரிதான் உரிமையாளர். புதிதாக ஒன்றை ஏற்றி, முன்னூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்ப அழைத்து, புதுச் சான்றிதழ் கொடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் முதலாளிக்கு 'ஆகட்டும்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தோம். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அன்று அவர் அட்டவணையைத் திறந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்: "வாசிச்சவர் நிலையத்தோட தாளைத்தானே வாசிச்சிருப்பார்? திரையில வேற முகவரி இருந்திருக்கு. பார்த்தவர் எப்படி சரின்னு போட்டீங்க?"

டீச்சர் அட்டவணையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் பார்த்துட்டுதான் கீழ போனேனா?" என்றார்.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். நீயே சொல்லு, உனக்கு ஒரு வாய்ப்பு தருகிறேன் என்கிற மாதிரி எனக்குக் கேட்டது. "ஒத்திகையப்போ பார்த்தீங்க டீச்சர்…" என்று இழுத்தேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்று. அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவரை ஏற்றுகிற வேலையிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதப் போட்டார்கள். மூன்றே வாரத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும். நான் முகத்தைப் பார்க்காமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும், வயதில் சின்னவன் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கதையை வைத்துத்தான் ஏழு மாதம் சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது எது நின்றாலும் நாற்காலியைத் திருப்பி என் பெயரைத்தான் சொல்லிக் கத்துகிறார்கள்.

போன வாரம் ஒரு படிவம் வந்தது. டீச்சரை வேலைக்கு எடுத்த கம்பெனி, பழைய இடத்தில் அவர் எப்படி என்று விசாரித்து அனுப்பியது. முதலாளி அதை என்னிடம் தள்ளிவிட்டார். 'விலகிய காரணம்' என்று ஒரு கட்டம். இரண்டு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள், 'நடந்த தவறு அவருடையது அல்ல. என்னுடையது' என்று எழுதி, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி பேசினார்.

"சார், ஒரு சின்னக் குழப்பம். தப்பு உங்களுதுன்னு எழுதியிருக்கீங்க. அவங்க இன்டர்வியூல தப்பு தன்னுதுன்னு சொன்னாங்களே?"

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க மேடம். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு…"

"இல்ல சார். காட்டிக்கொடுக்கிற மாதிரி எல்லாம் இல்ல. ஒரு முகவரியை சரியாப் பார்க்காம சரின்னு போட்டுட்டேன், எப்போ போட்டேன்னே ஞாபகம் இல்லன்னு சொன்னாங்க. அந்த நேர்மைக்காகத்தான் எடுத்தோம். ஆனா சேர்ந்ததும் ஒண்ணு கேட்டாங்க. ஏத்தற வேலை மட்டும் வேண்டாம், கண்ணு முன்ன மாதிரி இல்லன்னாங்க. ரெண்டு டாக்டர்கிட்ட காட்டிட்டாங்களாம். கண்ணுல ஒண்ணும் இல்லன்னு சொன்னதும், அப்போ ஞாபக சக்திதான் போகுதுன்னு பயப்படறாங்க. அவங்க வீட்டுக்காரரே வந்து எங்ககிட்ட சொன்னார்."

அன்று எல்லோர் முன்னாலும் அவர் என்னிடம் கேட்டது குத்தலே இல்லை. கேள்வி. தெரியாமல் கேட்ட கேள்வி. பதில் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்டிருக்கிறார்.

"மேடம், அந்த 'சரி'யைப் போட்டது நான். அவங்க அப்போ கீழ கூரியர்காரர்கிட்ட நின்னுட்டிருந்தாங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளி எழுந்து நின்றார்.

அந்தப் பெண்மணி, "படிவம் கோப்புக்குத்தான் சார். அவங்க சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க சொல்ல வேண்டியது எங்ககிட்ட இல்ல" என்று வைத்துவிட்டார்.

முதலாளி கதவைத் திறந்து கூப்பிட்டார். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு டீச்சரின் எண்ணைத் தேடினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி! எவ்வளவு நாளாச்சு! வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"உங்க கண்ணுக்கும் ஒண்ணும் இல்ல, ஞாபகத்துக்கும் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று ஆரம்பித்தேன். முழுவதையும் சொன்னேன். கூரியர், கட்டணம், இரண்டு 'சரி', என் திமிர் எல்லாம். லைன் அறுந்துவிட்டதோ என்று ஒரு முறை போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அப்போ நான் அதைப் பார்க்கவே இல்லையா?" என்றார் கடைசியில்.

"இல்ல டீச்சர்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரா, ஆறுதலா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நான் கேட்டேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும், டீச்சர்" என்றேன்.